கோலாலம்பூரில் தொட்டில் கட்டிய நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற கீழ் லயத்தின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தகரம் ஆற்றைத் தாண்டிப் போய் மாரியம்மன் கோயில் வாசலில் விழுந்தது. அம்மனே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சொல்லி யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. இன்றைக்கும் கோயில் விறகு அதன் கீழேதான் நனையாமல் கிடக்கிறது. அந்தக் காற்று அடித்து, மழை ஓய்ந்து, லயத்துக்குப் புதுத் தகரம் போட்ட மாதத்தில்தான் நான் விமானம் ஏறினேன். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. காற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தனியாகத்தான் போனேன். அதற்கு முன்னால் நான் போன தூரமெல்லாம் கொழும்பு வரைக்கும்தான், அதுவும் யாராவது கூட இருப்பார்கள். தலவாக்கலை டவுனுக்குப் போவதென்றாலே லயத்தில் பக்கத்து அறையில் இருக்கிற காம்பராக்காரரைத் துணைக்குக் கூப்பிடுகிற ஆள் நான். வேலைக்குப் போன காலமெல்லாம் தேயிலை ஃபேக்டரிக்குள்ளேயே, கொழுந்தைக் காய வைக்கிற சூட்டு அடுப்புப் பக்கத்திலேயே கழிந்துவிட்டது. வெளியே மழையா வெயிலா என்பதுகூட ஷிஃப்ட் முடிந்து வந்தால்தான் தெரியும்.

என் மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். மருமகன் லாரி ஓட்டுகிறவர். தங்கமான ஆள், ஆனால் வீட்டில் இருக்கிறதைவிட ரோட்டில் இருக்கிறதுதான் அதிகம். பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகி, மகளுடைய லீவு முடிகிற நேரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று அவள் வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. ஆனால் அங்கே இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் பிள்ளையை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இடையில் பார்க்க ஆள் இல்லை. மருமகனுடைய அம்மா ஈப்போ என்கிற ஊரில் இருக்கிறார்கள். "பிள்ளையை இங்கே அனுப்பு, நான் வளர்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை லாரி இந்தப் பக்கம் வரும்போது ஏற்றிவிடு" என்று அந்த அம்மா சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஈப்போ போய்வர ஒரு நாள் ஆகும்.

மகள் போனில் அழுதாள். "பால் குடிக்கிற பிள்ளைய எப்படிம்மா அனுப்புவேன்? நம்ம தோட்டத்துல பார்த்தோமே, அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போயி, எத்தன பிள்ளைங்க அவள போன்லயே பார்த்து வளருதுங்க. நானும் அப்படித்தானா?"

என் வீட்டுக்காரி போயிருக்க வேண்டும். அவள்தான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். அம்மாமார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைதான் பிள்ளைக் காம்பரா. அந்த அறையில் கூரையைத் தாங்குகிற வளை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில் தொங்கும். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கினவர்கள்தான். ஆனால் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. லயத்துப் படியே இறங்க முடியாதவள் விமானப் படி எங்கே ஏறுவது?

"நீங்க போங்க" என்றாள்.

"நானா? புள்ள பார்க்கவா?"

"ஏன், ஒங்களுக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. பழக்கம் இல்ல."

"பென்சன் எடுத்த நாள்ல இருந்து அடுப்புகிட்ட குந்திக்கிட்டு இருக்கீங்களே, அது மட்டும் பழக்கமா? எந்திரிங்க. பாஸ்போர்ட்டு எடுக்க வழியப் பாருங்க."

அப்படித்தான் புறப்பட்டேன். நான் போய்ச் சேருகிற நாளுக்கு மறுநாள் காலையில் மகள் வேலைக்குப் போயாக வேண்டும். வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, இறங்கின அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பிள்ளை என்னிடம் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அது லாரியில் ஈப்போ போகும். இது எனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், வீட்டுக்காரிக்குத் தெரியும். பிள்ளைக்கு மட்டும்தான் தெரியாது.

முதல் நாளே ரயிலில் இறங்கி வத்தளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனேன். சொந்தக்காரர் வாசல் வரைக்கும்தான் வரலாம். உள்ளே கேட்டுக் கேட்டு, காட்டிக் காட்டி, பெல்ட்டைக் கழற்றி, மறுபடி மாட்டி, எப்படியோ விமானத்துக்கு ஏறுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஆட்கள் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லாரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார், இன்ன மலைக்குப் போ என்று சொல்வார். பேர் கூப்பிடாமல் ஒருவரும் அசையக்கூடாது. நானாக ஒரு மலைக்குப் போய் நாளெல்லாம் வேலை செய்தாலும் அந்த நாள் கணக்கில் ஏறாது. சின்ன வயதில் இருந்து இது எனக்கு ரத்தத்தில் ஊறின விஷயம். விமானம் ஏறுகிற இடத்திலும் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சீருடை போட்ட ஒரு பிள்ளை, கையில் மைக். ஆட்கள் எழுந்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சரி, இவர்களுக்கெல்லாம் பேர் கூப்பிட்டுவிட்டார்கள், நமக்குத்தான் அந்த மைக் பேச்சு விளங்கவில்லை, நம்முடையதைக் கூப்பிடும்போது சத்தமாகத்தான் கூப்பிடுவார்கள் என்று நான் ஓர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உட்காரவும் இல்லை. பெரட்டில் யாராவது உட்காருவார்களா?

கடைசி ஆளும் போய்விட்டார். அந்தப் பிள்ளை தாளைப் பார்க்கிறாள், அங்கும் இங்கும் பார்க்கிறாள். பிறகு மைக்கில் என் அப்பா பேரையும் என் பேரையும் சேர்த்து, பாதியை விழுங்கி, அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். எனக்குச் சந்தோஷம். கையைத் தூக்கி, "இருக்கேங்கய்யா!" என்றேன்.

பத்தடி தூரத்தில்தான் நிற்கிறேன். அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சிரிப்பு தாங்க முடியாமல், "அனே சீயா! துவன்ன, துவன்ன!" என்றாள். அட தாத்தா, ஓடுங்கள், ஓடுங்கள் என்று சிங்களத்தில் சொல்கிறாள். என் பையையும் அவளே பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். அவள் செருப்பில் குதி உயரம்; அதோடு அப்படி ஓடின ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. அத்தனை பெரிய விமானம் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பேர் கூப்பிடுகிற ஆள் வந்து கூட்டிக்கொண்டும் போகிறதென்றால், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கவேண்டும்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் நம்ம ஹட்டன்காரர். டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் முதலாளி. கோலாலம்பூருக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர். என் ஊர்ப் பேரைக் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நம்மட பக்கத்து ஆளா? வாங்க வாங்க. ஒங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் நிக்கிதா? நான் என்னமோ மந்திரி வாறாரு எண்டு பார்த்தேன்."

"மன்னிச்சுக்குங்க நானா. பேர் கூப்புடட்டும்னு நின்னுட்டேன்." முஸ்லிம் ஆட்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்கிற மாதிரி.

அவர் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். எதற்குப் போகிறேன் என்று கேட்டார். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

"பார்த்துட்டு வாறதுக்கா?"

"இல்லைங்க. பார்த்துக்கிறதுக்கு. மக வேலைக்குப் போகணும்."

அவர் என் பக்கமாகச் சாய்ந்தார். "இத எங்கட பொண்டாட்டிக்கிட்ட சொல்லிராதீங்க பெரியவரே. எனக்கு எட்டுப் பேரப் பிள்ளைகள். ஒண்டையும் நான் பத்து நிமிஷத்துக்கு மேல தூக்கினதில்ல." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அழுதா என்ன செய்வீங்க?" என்றார்.

"அதான் எனக்கும் தெரியல நானா."

விமானம் எழும்பினபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஒன்றுமில்லை. பயப்படும்படியாக யாரோ இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மூடுபனி இறங்கினால் நாம் அதற்குள்ளே இருப்போம், பக்கத்துத் தேயிலைச் செடி தெரியாது. இங்கே அதே பனி கீழே கிடக்கிறது, மேலே வெயில் அடிக்கிறது. நான் ஃபேக்டரிக்குள் கிடந்த அத்தனை இருட்டு நாளிலும் மேலே இப்படி வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும் போல. எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இறங்கும் நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே பச்சையாகத் தோட்டம் தெரிந்தது. தேயிலை இல்லை, எண்ணெய்ப் பனை என்று முதலாளி சொன்னார். கோடு போட்ட மாதிரி வரிசை. ஒரு மரமாவது வரிசை பிசகியிருக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. இதை நட்டவர்கள் எங்கள் ஆட்களாகவும் இருக்கலாம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் ஒரே ஊரில் இருந்து ஒரு கூட்டம் இலங்கைக்கும் இன்னொரு கூட்டம் மலாயாவுக்கும் கப்பல் ஏறியது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யார் நட்டிருந்தாலும் சரி, கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை.

முதலாளி என்னைக் கடைசி வரைக்கும் விடவில்லை. கைரேகை வைக்கிற இடம், ரயில் மாதிரி ஒன்றில் ஏறுகிற இடம், பெட்டி சுற்றி வருகிற இடம், எல்லாம் கூடவே வந்தார். வெளியே மகள் நின்றாள். அவர் அவளிடம், "மகள், ஒங்கட வாப்பாவ முழுசா ஒப்படைச்சிட்டேன், பாத்து எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நன்றி சொல்கிறதற்குள் ஆள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

மகள் நெஞ்சோடு ஒரு துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு அழுதாள், சிரித்தாள். பிள்ளையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் பெரிசாக இருந்தது. என் வீட்டுக்காரியின் மூக்கு. நான் குனிந்தேன். அது என் மீசையைப் பார்த்தது, ஒரு மூச்சு இழுத்தது, பிறகு அழுதது பாருங்கள், பக்கத்தில் நின்ற போலீஸ்காரரே திரும்பிப் பார்த்தார்.

"புது முகம்ப்பா, அதான். பழகிடும்" என்றாள் மகள். அவள் சொன்ன விதத்தில் அவளுக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

போனில் ஒரு காரைக் கூப்பிட்டாள். ஓட்டிக்கொண்டு வந்தவர் என் வயதுச் சீனக்காரர். தலை முழுக்க வெள்ளை, கை ஸ்டியரிங்கில் பூப்போல இருக்கிறது. மகள் அவரோடு மலாய் பேசினாள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்க என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை இவள். இங்கே சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், வழி சொல்கிறாள், "அந்த ரோட்டுல வேணாம், நெரிசல்னு சொன்னேன்ப்பா" என்று எனக்கும் திரும்பிச் சொல்கிறாள். நான் வெளியே கட்டிடங்களைப் பார்க்கிற சாக்கில் அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையைக் குடைந்து செய்த மாதிரி கட்டிடங்கள். ஆனால் மலையைவிட உயரம். ரோட்டுக்கு மேலே ரோடு, அதற்கு மேலே ரயில், அந்த ரயிலுக்கு டிரைவர் இல்லை என்றாள். இத்தனைக்கும் நடுவில் மரம். அவ்வளவு பெரிய ஊரில் இவ்வளவு மரத்தை விட்டுவைக்க ஒரு மனசு வேண்டும். இடையில் ஒரு கடையில் காரை நிறுத்தித் தேத்தண்ணி வாங்கித் தந்தாள். அந்தக் கடைக்காரப் பையன் இரண்டு குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தலைக்கு மேலே இருந்து இடுப்புக்கு ஊற்றுகிறான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்கு நடுவில் இருந்தவன். பால் இவ்வளவு சேர்த்தால் தேயிலை எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் குடித்தேன். தெரிந்தது. சாயம் கெட்டியாக, பாலுக்கு அடியில் இருந்து மெதுவாக வந்து தொண்டையைத் தொட்டது. இன்னொரு கிளாஸ் கேட்டேன்.

மகள் வீடு பதினான்காம் மாடி. மின்தூக்கியில் ஏறும்போது பிள்ளை தூங்கியிருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கையில் போட்டதும் விழித்துக்கொண்டது. நான் தூக்கினேன், அழுதது. மகள் தூக்கினாள், நின்றது. மறுபடி நான், மறுபடி அழுகை. இப்படியே சாயங்காலம் ஆனது. மகள் சமைக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் போவாள், பாதியில் ஓடி வருவாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

வீட்டுக்காரியைப் போனில் பிடித்தோம். படம் தெரிகிற போன். முதலில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"தொட்டி கட்டுனீங்களா இல்லையா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"பின்ன எப்படிப் புள்ள தூங்கும்? வளையில சேலையக் கட்டிப் போடுங்க. எழுவத்தஞ்சு வயசாகுது, இதையும் நான் சொல்லணுமா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். வளையா? வெள்ளையாக, மழமழவென்று, ஓர் ஆணிகூட இல்லாத கூரை. அடுத்த அறைக்குப் போனேன், அங்கேயும் அப்படித்தான். குளிக்கிற அறையில்கூடப் பார்த்தேன். ஒரு வீடு முழுக்க வளையே இல்லாமல் எப்படி நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்து வலிக்க ஒவ்வொரு மூலையாக நான் தேடுகிறேன், பிள்ளை அலறுகிறது, போனில் வீட்டுக்காரி, "என்னாங்க தேடுறீங்க, எலி புடிக்கிறீங்களா?" என்கிறாள்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர். பகலில் வீட்டில் இருக்க மாட்டார், இல்லாவிட்டால் பிள்ளையை அவரே பார்த்திருப்பார் என்று மகள் சொல்லியிருந்தாள். தமிழர் நடுவிலேயே இருந்து கொஞ்சம் தமிழ் பழகியிருக்கிறார். என் கையில் சேலை, என் கண் கூரையில். ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது.

"தாத்தா, பாப்பா தொட்டில் தேடு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "சபார், சபார்" என்று சொல்லிக்கொண்டே போனார். கொஞ்சம் பொறு என்று அர்த்தமாம். திரும்பி வரும்போது மூன்று காலும் மடக்கின ஓர் இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்தார். விரித்து நிறுத்தினார். உச்சியில் இருந்து ஒரு தடித்த ஸ்பிரிங் தொங்கியது, அதன் நுனியில் கொக்கி. என் கையில் இருந்த சேலையை வாங்கி, ஒரு மடிப்பு மடித்து, முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டினார். தொட்டில்! எங்கள் பிள்ளைக் காம்பராத் தொட்டிலேதான், கூரையை மட்டும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் புவாயான் என்று பேர் சொன்னார். அவருடைய நான்கு பிள்ளைகளும் அதில் வளர்ந்தவர்களாம். உடனே பிள்ளையைப் போட விடவில்லை. உள்ளே போய் ஓர் அரிசிப் பையைத் தூக்கி வந்து முதலில் அதைப் போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்து, சட்டம் அசைகிறதா என்று குனிந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் கையைக் காட்டினார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிள்ளைகளைத் துணியில் போட்டு ஆட்டித்தான் வளர்க்கிறார்கள். இதை நினைத்து நினைத்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் பிள்ளைக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் எங்கள் ஊர் மாதிரி பக்கவாட்டில் தள்ளினேன். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ஆடியது, பிள்ளை பயந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்து, தள்ளக்கூடாது, மேலும் கீழும் மெதுவாக இழுத்து விட வேண்டும் என்று காட்டினார். செய்தேன். அழுகை கொஞ்சம் இறங்கும்; அந்த நேரம் பார்த்து மகள் எட்டிப் பார்ப்பாள், பிள்ளை அவளைக் கண்டு கையைக் காலை உதறும், மகள் தூக்கிக்கொள்வாள். மூன்றாம் முறை தூக்கினபோது அவள் அழுதுவிட்டாள்.

"விடுங்கப்பா. நடக்காது. நாளைக்கு வரலைன்னு சொல்லிட்டு... ஞாயித்துக்கிழமை அனுப்பிடுறேன். என்ன செய்யுறது."

இதெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி அதட்டினாள். "ஏய், நீ ஏன் அங்க நிக்கிற? தாய் வாசல்ல நின்னா எந்தப் பிள்ள தூங்கும்? ஒன்னையும் அந்தக் காம்பராவுல போட்டுக்கிட்டு வேல பார்த்த எனக்குத் தெரியாதா? எத்தன பேர நான் கையப் புடிச்சு வெளிய தள்ளிக் கதவச் சாத்தியிருக்கேன். போ கீழ. மேல போட்டிருக்கிற துணிய அப்பாக்கிட்ட குடுத்துட்டுப் போ. துவைச்சதுல வேணாம், அதையே குடு."

அது அவள் சொன்னபிறகு எனக்கும் ஞாபகம் வந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரிடம் தலையில் கட்டின துணியைக் கேட்டு வாங்கித் தொட்டிலுக்குள் போடுவாள். தாய் மலைக்குப் போய்விடுவாள், வாசம் மட்டும் பிள்ளையோடு கிடக்கும். எத்தனையோ அம்மாமார் தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்று, உள்ளே அழுகை நிற்கிற வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மகள் தோளில் இருந்த துப்பட்டாவை எடுத்துத் தந்தாள். போக மனசில்லாமல் போனாள். மலாய்க்கார அம்மாவும் அவள் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரியும், "நான் இருந்தா சிரிப்பீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. நானும் பேத்தியும்தான்.

துணியைப் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலும் கீழும் இழுத்தேன். தாலாட்டு எனக்குத் தெரியாது. பெண்கள் பாடுவார்கள், நாங்கள் கேட்டது இல்லை, அந்த நேரத்தில் ஃபேக்டரியில் இருப்போம். என்ன சொல்வது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நேற்றுத்தான் ரயிலில் இறங்கி வந்தேனா, அந்த ஸ்டேஷன் பேரெல்லாம் வாயில் இருந்தது. தலவாக்கலை என்று ஓர் இழுப்பு. கொட்டகலை என்று ஓர் இழுப்பு. ஹட்டன், அங்கே கொஞ்சம் அதிக நேரம், ரயில் நிற்குமே. பிறகு சுரங்கம் வரும் என்று பிள்ளைக்குச் சொன்னேன், இருட்டாக இருக்கும், பயப்படக்கூடாது, உள்ளே எல்லாரும் கூச்சல் போடுவார்கள், அந்தப் பக்கம் வெளிச்சம் வந்துவிடும் என்றேன். பிள்ளை அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தது. மீசையை இல்லை, வாயைப் பார்த்தது. றொசல்ல என்றேன். சின்ன ஸ்டேஷன், இரண்டு பக்கமும் தேயிலை, ஏறுகிறவர் ஒருவர் இறங்குகிறவர் ஒருவர். துப்பட்டாவைப் பிடித்திருந்த விரல் தளர்ந்தது. வட்டவளை என்று சொல்லும்போது கண் சொருகியது. நாவலப்பிட்டி வரைக்கும் போகலாம் என்று நினைத்தேன், தேவைப்படவில்லை. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர் விளக்கெல்லாம் ஒன்றொன்றாக எரியத் தொடங்கியது. அழகான ஊர்.

கதவு மெதுவாகத் திறந்தது. மகள் கீழே போகவே இல்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலேயே, கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். முகமெல்லாம் ஈரம், சிரிப்பு.

"எந்த ஸ்டேஷன்லப்பா தூங்குச்சு?" என்று கிசுகிசுத்தாள்.

"வட்டவளை. றொசல்லையிலேயே பாதி தூக்கம்."

"நான் ஹட்டன்லயே அழுதுட்டேன்."

பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். குரல் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"அத்த, பிள்ளைய அனுப்பல. எங்கப்பா வந்துட்டாங்க. ஆமா, தனியாத்தான் வந்தாங்க. ஆமா அத்த, அவங்களேதான் தூங்க வச்சாங்க. நீங்க முடிஞ்சா வந்து பார்த்துட்டுப் போங்க. நான் நாளைக்கு வேலைக்குப் போறேன்."

மறுநாள் விடிந்ததும் போனாள். பால் எடுத்து வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, இந்தத் தடவை திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்த இரண்டு மாதமும் பிள்ளை தாயோடுதான் இருந்தது. இப்போதும் தாயோடுதான் இருக்கிறது.

இவ்வளவு நேரம் இருந்து கேட்டதற்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த லயத்திலோ டவுனிலோ, மகள் வெளிநாட்டில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவித்துக்கொண்டிருக்க, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற கிழவன் யாராவது இருந்தால், அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஆம்பளையாலும் முடியும் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.